பதிப்பியல் நோக்கில் ‘அந்த நாள்’: இல்லத்திரை மீட்டுருவாக்கம் குறித்த ஒரு மதிப்பீடு

ஓலைச்சுவடியிலிருந்து அச்சேறிய நூல்களை மதிப்பிடத் தமிழாய்வுலகம் சில அளவுகோல்களை வகுத்துக்கொண்டுள்ளது. எச்சுவடி மூலமாகக் கொள்ளப்பட்டது, அது எங்கெங்கே சிதைந்திருந்தது, பதிப்பாசிரியர் எவ்விடத்தில் ஊகித்துத் திருத்தினார், அத்திருத்தத்தைப் படிப்பவர் அறியுமாறு குறித்தாரா என்பன அவற்றுள் தலையாயவை. 1894இல் புறநானூற்றை வெளியிட்ட உ.வே. சாமிநாதையர் சிதைந்த அடிகளைப் புள்ளியிட்டுக் காட்டினார். அப்புள்ளிகளே அப்பதிப்பின் பிற பகுதிகளின்மீதும் நமக்கு நம்பிக்கையைத் தருகின்றன. பழைய திரைப்படமொன்று குறுந்தகடாகவோ டி.வி.டி.யாகவோ வெளிவரும்போதும் இவ்வினாக்களை எழுப்ப வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். எழுப்பாவிடின் நேரும் இழப்பினை ‘அந்த நாள்’ (1954) படத்தைக் கொண்டு விளக்கலாம்.

ஏவி.எம். நிறுவனம் தயாரிக்க, வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் இயக்கிய இப்படத்தில் பாடல் இல்லை; நடனம் இல்லை; சண்டைக்காட்சி இல்லை. 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய சூழலில் வானொலிப் பொறியாளனாகிய ராஜன் (சிவாஜி கணேசன்) தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்படுகிறான். துப்பறியும் அதிகாரி சிவானந்தத்திடம் (ஜாவர் சீதாராமன்) அண்டைவீட்டார் சின்னையா பிள்ளை, தம்பி பட்டாபி, அவன் மனைவி ஹேமா, ராஜனோடு உறவுகொண்டிருந்த அம்புஜம் ஆகியோர் பிறர்மீது ஐயம் எழுமாறு வாக்குமூலம் தருகின்றனர். நாட்டைக் காட்டிக்கொடுத்த கணவன் மனைவி உஷாவின் (பண்டரிபாய்) கையால் மாண்டான் என்பது இறுதியில் புலனாகிறது. அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ (1950) இதற்குத் தூண்டுகோல் என்பது பலரும் சொல்வது. அதே ஆண்டில் வெளிவந்த அந்தணி ஆஸ்குவித்தின் ‘தி உமன் இன் கொஸ்டின்’ இதற்கு இன்னும் நெருக்கமானது என்பாரும் உளர். அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டுவதன்று.

கருதத்தக்கது, இப்படத்தின் பொருள் எதில் தங்கியுள்ளது என்பதே. பிற தமிழ்ப் படங்களில் பாடல் ஆற்றும் பணியை இதில் ஒளியும் நிழலும் மௌனமும் ஆற்றுகின்றன. மாருதிராவின் ஒளிப்பதிவில் முகத்தின் ஒருபாதி இருளில் அமிழ்ந்திருப்பது வெறும் அழகன்று. வாக்குமூலம் தருபவர் எதனையோ மறைக்கிறார் என்பதற்கு அதுவே குறிப்பு. தொல்காப்பிய மரபில் கூறுவதாயின், சொல்லுக்குப் புறத்தே நின்று மெய்ப்பாட்டை உணர்த்துவது அது. எனவே இப்படத்தில் கறுப்பின் அளவு மாறினால் பாடமே மாறிவிடுகிறது.

சென்ற கோடை விடுமுறையில் புணே நகரின் மகர்பட்டாவில் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தபோது என் கைவசமிருந்த டி.வி.டி.யை அங்கு மென்பொருள் துறையில் பணிபுரியும் தமிழ் இளைஞர் சிலருடன் அகன்ற தொலைக்காட்சியில் பார்த்தேன். உழவர் குடும்பங்கள் தம் நிலத்தை ஒன்றுசேர்த்து எழுப்பிய நகரம் அது. இளைஞர் பலருக்கு இப்படம் முதல் அறிமுகம். பாதிப் படத்தில் ஓர் இளைஞர், “இது பகலா, இரவா சார்?” என்று வினவினார். வினா நியாயமானது. அவ்வட்டில் கறுப்பு முழுவதும் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. வேறு சில காட்சிகளிலோ மாறாக, நிழலுக்குள் இருக்கவேண்டிய சுவரும் கதவும் ஒரே கரும்பரப்பாக மூழ்கிக் கிடந்தன. உறையில் ‘டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டது’ என்ற வரி மட்டும் பளிச்சென்று இருந்தது. எப்படியிலிருந்து, எவரால், எப்போது என்ற குறிப்பு ஏதுமில்லை. பாடலே இல்லாத இப்படத்தின் முகப்புப் பட்டியலில் ‘பாடல்கள்’ என்றொரு பொத்தான் இருந்ததையும் சொல்லியாக வேண்டும். அதை அழுத்தினால் படம் தொடக்கத்திலிருந்து ஓடியது.

குறைகளை வகைப்படுத்திப் பார்க்கையில் மூன்று முதன்மையானவை. முதலாவது சட்டகம். அகன்றதிரை வருமுன் எடுக்கப்பட்ட படங்களின் சட்டகம் ஏறத்தாழ 1.37:1 விகிதத்தது; இன்றைய தொலைக்காட்சி 16:9. நிரப்பவேண்டும் என்ற ஆசையில் படத்தை இழுத்தால் முகம் தட்டையாகிறது. மேலும் கீழும் வெட்டினால் தலையும் கையும் போகின்றன. கொலை வழக்கில் கை போவது சிறிய இழப்பன்று. இரண்டாவது ‘தூய்மைப்படுத்தல்’. படச்சுருளின் மணித்துகள் இரைச்சல் எனக் கருதப்பட்டுக் கணினியால் அழிக்கப்படும்போது தோலின் மடிப்பும் ஆடையின் இழையும் உடன் அழிகின்றன. சிவாஜி கணேசனின் முகத்தில் புருவத்துக்கும் உதட்டுக்கும் இடையே நிகழும் நுண்ணிய அசைவுகள் மெழுகு பூசியது போலாகிவிடுகின்றன. ஒலியிலும் இவ்வாறே: சீற்றொலியை நீக்கும் முயற்சியில் அறையின் மௌனமும் நீங்கி, உரையாடல்களுக்கிடையே வெறுமை விழுகிறது.

மூன்றாவதை எவரும் அதிகம் பேசுவதில்லை. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகம் ஓடுவது. நம் நாட்டில் வழங்கிய பால் முறை ஒளிபரப்போ நொடிக்கு 25. ஒன்றை மற்றொன்றாக நேரே மாற்றினால் ஒரு மணிநேரப் படம் ஐம்பத்தேழரை நிமிடத்தில் முடிந்துவிடும். விரைவு கூடுவதோடு, ஒலியைத் தனியே சரிசெய்யாவிடில் குரலின் சுருதியும் உயரும். வீணை வாசித்த இயக்குநர் ஒருவரின் படத்துக்கு இது நேர்வதை என்னென்பது!

இவற்றைத் தொழில்நுட்ப எல்லை எனக் கூறி ஒதுக்கலாம். குறுந்தகட்டின் நுணுக்கம் 352×288 புள்ளிகளே; டி.வி.டி.க்கு 720×576. அதனினும் மிகுதியை எதிர்பார்த்தல் தகாது. ஆனால் எல்லை வேறு, அறிவிக்காமை வேறு. ‘ராஷோமோன்’ 2008இல் மீட்கப்பட்டபோது 1962இல் எடுக்கப்பட்ட படியொன்றே அடிப்படையாயிற்று. அதனை மீட்டோர் வெளிப்படக் கூறினர். தூண்டுகோலாகிய படத்துக்குச் சுவடி வரலாறு உண்டு. தூண்டப்பெற்ற நம் படத்தின் வட்டில் ஒரு வரி கூட இல்லை.

மறுதலையான கருத்தும் மதிக்கத்தக்கதே. இத்தகைய மலிவு வட்டுகள் இல்லையெனில் தொண்ணூறுகளுக்குப் பின் பிறந்தவர் இப்படத்தைப் பார்த்திருக்க இயலாது. என் மாணவர் பலர் இதன்வழியே பாலசந்தரை அறிந்தனர். பிழை மலிந்த மலிவுப் பதிப்புகளாலும் தமிழ் நூல்கள் பிழைத்திருந்ததுண்டு. ஆயினும் அப்பதிப்புகளை எவரும் செம்பதிப்பு என்று விற்கவில்லை. ‘முகல்-இ-ஆஸம்’ (2004), ‘மாயாபஜார்’ (2010) ஆகியவற்றுக்கு நிறமேற்றி வெளியிட்டோர் கூட நிறமேற்றியதை மறைக்கவில்லை. அது வழிநூல் எனப் பார்ப்பவர் அறிவர். அறிவிக்கப்பெறாத திருத்தம் இடைச்செருகலுக்கு நிகர். வட்டுகள் கடைகளிலிருந்து மறைந்துவரும் இந்நாளில் அதே பிரதிகள் இணையத்தில் ஏறி மூலமென உலவத் தொடங்கியிருப்பதால் தீங்கு மிகுதி. தமிழ்த் துறைகளில் திரைப்பட ஆய்வு மேற்கொள்வோர் ‘இக்காட்சியில் ஒளி மங்கலாக உள்ளது’ என எழுதுமுன், மங்கியது காட்சியா பிரதியா என்று கேட்டாக வேண்டும். முனைவர்பட்ட ஆய்வேடுகளிலேயே இக்கேள்வி அரிதாகத்தான் காணப்படுகிறது.

மகர்பட்டாவிலிருந்து நகரைக் கடந்து மேற்கே சென்றால் 1964இல் நிறுவப்பெற்ற தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் உள்ளது. பி.கே. நாயர் அரும்பாடுபட்டு வளர்த்த அந்நிறுவனம் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. 2003 ஜனவரியில் நிகழ்ந்த தீவிபத்தில் அதன் நைட்ரேட் சுருள்கள் பல எரிந்தன. செல்லரித்த ஏடுகளைப் பற்றி உ.வே.சா. எழுதியவற்றைப் படித்தவர்க்கு அச்செய்தியின் கனம் விளங்கும்.

மறுநாள் மாலை, தொலைக்காட்சியின் நீட்டல் அமைப்பை நிறுத்தி, ஒளியளவைக் குறைத்து, அவ்விளைஞர்களுடன் இறுதிப் பகுதியை மீண்டும் பார்த்தேன். இருபுறமும் கறுப்புப் பட்டை விழுந்தது. நிழல் ஓரளவு நிழலாயிற்று. உஷா உண்மையைச் சொல்லும்போது எவரும் பேசவில்லை. திரையின் மூலையில் வெளியீட்டாளரின் முத்திரை மட்டும் கடைசிச் சட்டகம் வரை அவள் முகத்தருகே நின்றிருந்தது.