ஆடிய ஆட்டத்தை அலசுதல்

இணையத்தில் ரேபிட் செஸ் ஆடி ரேட்டிங் ஏறாமல் தவிப்பவர்களுக்கு எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: உன் ஆட்டங்களை நீயே திரும்பப் பார். நல்ல யோசனை, பழையதும்கூட. 1948இல் உலக சாம்பியனான மிகயீல் போட்வின்னிக், ஆடியதை அலசுவதோடு நிற்கக்கூடாது, அலசலை அச்சில் வெளியிடவும் வேண்டும் என்று வற்புறுத்தினார். அச்சில் வந்தால் பிறர் குறை காண்பார்கள். நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானங்கள் அங்கே செல்லாது.

இன்று நடப்பது வேறு. ஆட்டம் முடிந்ததும் ஒரு பொத்தான். ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் என்ஜின் சில வினாடிகளில் தவறுகளுக்கு நிறம் தீட்டித் தருகிறது. துல்லியம் எத்தனை சதவீதம் என்று பார்த்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறோம். இதை அலசல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ரூய் லோபஸ் தொடக்கத்தில் வரும் ஒரு பொறியைப் பாருங்கள். வெள்ளையின் பிஷப் பி3இல் நிற்கிறது. கறுப்பின் சிப்பாய்கள் ஏ6, பி5இல். டி4இல் குதிரைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள, கடைசியாக வெட்டிய கறுப்புச் சிப்பாய் அங்கே நிற்கிறது. வெள்ளை ராணி அதை வெட்டுகிறது. அடுத்து சி5 என்று சிப்பாயைத் தள்ளி ராணியை விரட்டுகிறது கறுப்பு. ராணி டி5க்குப் போய் எஃப்7இல் மேட் மிரட்டல் வைக்கிறது. கறுப்பு பிஷப் இ6க்கு வந்து அதைத் தடுக்கிறது. ராணி சி6இல் செக் வைத்தால் அதே பிஷப் டி7க்குத் திரும்புகிறது. ராணி மீண்டும் டி5க்கு வந்ததும் சிப்பாய் சி4க்கு ஏறுகிறது. பி3 பிஷப்புக்குப் போக இடமில்லை.

என்ஜின் ராணி வெட்டிய இடத்தில் இரட்டைக் கேள்விக்குறி போடும், பிஷப்பை டி5இல் வைத்திருக்கலாம் என்றும் காட்டும். இரண்டும் சரி. ஆனால் ஏன் வெட்டினோம் என்பது அதற்குத் தெரியாது. எதிராளி வெட்டினால் பதிலுக்கு வெட்டு என்ற பழக்கம் கையை ஓட்டிச் சென்றிருக்கும். அந்தப் பழக்கத்தைக் கண்டுபிடிக்காதவர் இந்தப் பொறியை மட்டும் மனப்பாடம் செய்வார். அடுத்த வாரம் இன்னொரு கட்டத்தில் அதே பழக்கத்தால் தோற்பார்.

ரேபிடில் கடிகாரமும் காரணமாகிறது. ஒரு நகர்வுக்கு ஒன்றரை நிமிடம் யோசித்தீர்களா, இரண்டு வினாடியில் வைத்தீர்களா என்பதை என்ஜினின் மதிப்பெண் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் இணைய ஆட்டத்தில் அந்தப் பதிவு தானாகவே சேர்ந்துவிடுகிறது. நேரில் ஆடும் ரேபிடில் நகர்வுகளை எழுதிவைக்கும் கட்டாயம்கூட இல்லை. இணையத்திலோ ஒவ்வொரு நகர்வும் அதற்கான வினாடிகளோடு நம் கையில் இருக்கிறது. இணைய ஆட்டத்தை அலசுவதன் மிகப் பெரிய பலம் இதுதான் என்பேன். பலர் அந்தப் பதிவைத் திறந்தே பார்ப்பதில்லை.

இழந்ததும் உண்டு. போட்டி அரங்குகளில் ஆட்டம் முடிந்தபின் இருவரும் அதே பலகையில் காய்களைத் திரும்ப வைத்துப் பேசுவார்கள். "இங்கே நீ குதிரையைக் கொண்டுவருவாய் என்று பயந்தேன்" என்று எதிராளி சொல்லும் ஒரு வரியை எந்த என்ஜினாலும் தர முடியாது. இணையத்தில் அவர் மறுநொடியே காணாமல் போகிறார்.

செஸ் வீரர் குகேஷுக்கு கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை என்ஜினைப் பழக்காமலே பயிற்சி கொடுத்தார் அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா. அதை அப்படியே நாம் பின்பற்ற முடியாது. குகேஷுக்குப் பக்கத்தில் தேர்ந்த பயிற்சியாளர் இருந்தார். தனியாக ஆடும் 1,200 ரேட்டிங்காரர் இலவசமாக விட்டுக்கொடுத்த காயைக்கூடக் கவனிக்காமல் போகலாம். அவருக்கு என்ஜின் தேவை, ஆனால் இரண்டாவதாக.

சொந்த ஆட்டத்தை அலசுவதில் உள்ள இன்னொரு குறையை, என்ஜினை முதலில் பார்த்தாலும் பிறகு பார்த்தாலும் சரிசெய்ய முடியாது. தெரியாததை நம் ஆட்டத்திலிருந்து கற்க முடிவதில்லை. யானையும் ஒரு சிப்பாயும் மிஞ்சும் முடிவாட்டத்தில் லூசீனா நிலை என்று ஒன்று இருப்பதே தெரியாதவர், தன் ஆட்டத்தை எத்தனை முறை புரட்டினாலும் அதைக் கண்டடைய மாட்டார். அதற்குப் புத்தகமும் பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்களும்தான் வழி. வென்ற ஆட்டங்களை விட்டுவிடுவதும் தவறு. எதிராளி தண்டிக்காமல் விட்ட பிழைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அடுத்த முறை 15 நிமிடமும் நகர்வுக்கு 10 வினாடியும் உள்ள ஆட்டம் ஒன்றே ஒன்று ஆடுங்கள். என்ஜினைத் திறக்குமுன், ஆட்டம் எங்கே திரும்பியது, அப்போது என்ன நினைத்தீர்கள், கடிகாரத்தில் எவ்வளவு இருந்தது என்று மூன்று வரி எழுதுங்கள். பிறகு பொத்தானை அழுத்துங்கள். முடிந்தால் அந்த மூன்று வரிகளை உங்களைவிட நன்றாக ஆடும் ஒருவரிடம் காட்டுங்கள்.