எண் 7053: கைதுப் பதிவு ஒளிப்படமும் மெய்ப்பாடும்

ஆய்வுச்சுருக்கம்

கைது செய்யப்பட்டவரை எண் பலகையுடன் இருத்தி எடுக்கும் ஒளிப்படம், எடுத்தவரின் பார்வை கலவாத வெறும் அடையாளச் சான்று என்று கொள்ளப்படுகிறது. அல்போன்ஸ் பெர்ட்டியோன் வகுத்த படமெடுப்பு முறையையும், 1956இல் அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில் எடுக்கப்பட்ட பதிவுப் படங்களையும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு வாசித்து, அக்கொள்கையை இக்கட்டுரை மறுக்கிறது.

குறிச்சொற்கள்: கைதுப் பதிவு, ஒளிப்படம், மெய்ப்பாடு, பெர்ட்டியோன், ரோசா பார்க்ஸ்

மெய்ப்பாட்டை விலக்கும் முறை

பாரிஸ் காவல் தலைமையகத்தில் 1879இல் எழுத்தராகச் சேர்ந்த பெர்ட்டியோன், மீண்டும் மீண்டும் பிடிபடுவோர் பெயரை மாற்றிச் சொல்லித் தப்புவதைக் கண்டு, உடலை அளந்து அட்டையில் பதியும் முறையை உருவாக்கினார். அந்த அட்டையில் நேர்முகம் ஒன்றும் வலப்பக்க முகம் ஒன்றுமாக இரு படங்கள் ஒட்டப்பட்டன. கருவிக்கும் இருக்கைக்கும் இடையிலான தொலைவு நிலையானது. ஒளி ஒரே சீரானது. முகம் ஏழில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். 1890இல் அவர் வெளியிட்ட நீதித்துறை ஒளிப்படம் பற்றிய நூல், உருவப்பட நிலையங்களின் அழகுணர்ச்சியைக் கைவிடுமாறு படமெடுப்பவரைக் கேட்கிறது. பக்க முகத்தை அவர் வற்புறுத்தியதும் இதனால்தான். நேர்முகம் உணர்ச்சிக்கேற்ப மாறும். நெற்றி, மூக்கு, காது ஆகியவற்றின் வரைகோடு மாறாது.

தொல்காப்பியர் கூறும் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டும் அகத்தில் எழுந்து புறத்தே உடலில் வெளிப்படுவன. பெர்ட்டியோன் முறை இவ்வெட்டையும் வடிகட்ட முயல்கிறது. அது நடைமுறையில் எளிதாக இருக்கவில்லை. 1886இல் நியூயார்க் காவல் அதிகாரி தாமஸ் பர்ன்ஸ் வெளியிட்ட தொழில்முறைக் குற்றவாளிகள் பற்றிய நூலில், படத்துக்கு உடன்படாத ஒருவரைக் காவலர்கள் பிடித்து நிறுத்தும் காட்சி உண்டு. முகத்தைக் கோணலாக்குவதே அவருக்கு எஞ்சியிருந்த மறுப்பு. அடையாளப் படம் எடுப்பதன் பின்னுள்ள வலிமையை அந்நூல் தன்னையறியாமல் காட்டிக்கொடுத்துவிடுகிறது எனலாம்.

மெய்ப்பாடு இல்லாத முகம் வேண்டும் என்று கோரும் இம்முறை உண்மையில் ஒரு மெய்ப்பாட்டை விளைவிக்கிறது. அது இளிவரல். தூக்கமின்மை, கலைந்த தலை, பெயருக்கு மாற்றாக எண் ஆகிய இவை யாரையும் இழிந்தவராகக் காட்டப் போதுமானவை. விசாரணை தொடங்குமுன் எடுக்கப்படும் படம், பார்ப்பவர் மனத்தில் தீர்ப்பையே எழுதிவிடுகிறது.

மான்ட்கோமரி, பிப்ரவரி 1956

பேருந்துப் புறக்கணிப்பை ஒடுக்க, 1921ஆம் ஆண்டின் புறக்கணிப்புத் தடைச் சட்டத்தின்கீழ் போராட்டத் தலைவர்கள் பலர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. காவலர் தேடி வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. ஈ. டி. நிக்சன் தாமே சென்று கைதானார், பிறரும் தொடர்ந்தனர். தங்கள் பெயர் பட்டியலில் இல்லையே என்று வருந்தியோரும் இருந்தனர். பிப்ரவரி 22 அன்று ரோசா பார்க்ஸ் 7053 என்ற எண்ணுடன் படமெடுக்கப்பட்டார். மறுநாள் வந்த மார்ட்டின் லூதர் கிங்குக்கு 7089. எண்ணும் பலகையும் கோணமும் வழக்கமானவையே. ஆயினும் இப்படங்களில் இளிவரல் தோன்றவில்லை. கல்வி, அஞ்சாமை, புகழ், ஈகை ஆகிய நான்கின் வழிப் பெருமிதம் பிறக்கும் என்கிறது மெய்ப்பாட்டியல். தாமே முன்வந்து கைதானவரின் முகத்தில் இவற்றுள் இரண்டாவது தெளிவாகப் படிகிறது.

இவ்வாசிப்பு மனநிறைவு தருவது. ஆனால் எச்சரிக்கையும் தேவை. பார்க்ஸின் படம் 1955 டிசம்பர் 1 அன்று பேருந்தில் இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதானபோது எடுக்கப்பட்டது என்ற குறிப்புடனேயே பலவிடங்களில் அச்சாகிறது. அசோசியேட்டட் பிரஸ் ஒளிப்படக்காரர் ஜீன் ஹெரிக் எடுத்த, கைரேகை பதியும் படத்துக்கும் இதே பிழை நேர்கிறது. இரண்டும் பிப்ரவரிக் கைதின்போது எடுக்கப்பட்டவை. பிழை சிறியதன்று. தனியொரு பெண்ணின் மறுப்பாகப் படத்தைப் படிக்கும்போது, அதே நாள்களில் அதே பலகையை ஏந்திய ஏனையோர் மறைந்துபோகின்றனர். பார்வையாளர் முகத்தில் காணும் பெருமிதத்தில் ஒரு பகுதி படத்தின்கீழ் உள்ள குறிப்பிலிருந்து வருவது என்பதும் இதனால் புலனாகிறது. பெயரும் வரலாறும் அறியப்படாத ஒருவர் இதே அமைதியுடன் இருந்தால், அது அழுத்தம் என்றோ குற்றவுணர்வின்மை என்றோ படிக்கப்படும். ஆதலால் ‘முகமே பேசுகிறது’ என்று பார்க்ஸின் படத்தைப் போற்றும் திறனாய்வு, பதிவுப் படத்தை நம்பும் காவல்துறையின் தவற்றையே மறுதலையாகச் செய்கிறது.

கோப்பின் நினைவு

குற்றஞ்சாட்டப்பட்டோருள் கிங் ஒருவரே விசாரிக்கப்பட்டு 500 டாலர் தண்டம் விதிக்கப்பட்டார். மற்றவர்களின் வழக்குகள் விசாரணைக்கே வரவில்லை. எனினும் அவர்களின் படங்கள் ஷெரிப் அலுவலகத்தில் கிடந்து 2004இல்தான் கண்டெடுக்கப்பட்டன. வரலாற்றாசிரியருக்கு அது பேறு. படத்திலுள்ளவருக்கு அப்படியிருக்க வேண்டியதில்லை. முன்தண்டனை பெறாதவர் விசாரணையின்றியோ குற்றமற்றவர் என்றோ விடுவிக்கப்பட்டால் அவருடைய படத்தை அழிக்க வேண்டும், அல்லது அவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்று, நீதிமன்றம் வேறாக ஆணையிட்டாலன்றி, இந்தியாவின் 1920ஆம் ஆண்டுக் கைதிகள் அடையாளச் சட்டம் பணித்தது. அதன் இடத்துக்கு வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டம், விடுவிக்கப்பட்டோரின் பதிவை அழிக்க இடம் வைத்தாலும், பொதுவாகப் பதிவுகளை 75 ஆண்டுகள் பேணச் சொல்கிறது. பெர்ட்டியோனின் அட்டைகளுக்கு எட்டாத நீளம் இது.

மான்ட்கோமரிக் கோப்பில் கிங்கின் படத்தின்மீது யாரோ பின்னாளில் கையால் எழுதியிருக்கின்றனர்: இறந்தார் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லும், 4-4-68 என்ற நாளும். கொலையுண்டார் என்ற குறிப்பு அதில் இல்லை. 7089 என்ற எண்ணுக்குரியவரை இனித் தேட வேண்டியதில்லை என்பதே அப்பதிவு.