கைக்கு வராத பணத்துக்கும் வட்டி

சில வாரங்களாக அமெரிக்க அரசின் கல்விக்கடன் விதிகளைப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். வட்டியைப் பற்றி அங்கே எல்லாரும் பேசுகிறார்கள். என் கண்ணில் பட்டது ‘ஒரிஜினேஷன் ஃபீ’. கடன் கொடுப்பதற்கே ஒரு கட்டணம்.

பிள்ளையின் படிப்புக்காகப் பெற்றோர் வாங்கும் ‘பேரன்ட் ப்ளஸ்’ கடனுக்கு இது 4.228 சதவீதம். 20,000 டாலருக்குக் கையெழுத்துப் போட்டால், 845 டாலர் 60 சென்ட்டைப் பிடித்துக்கொண்டு மிச்சம்தான் கல்லூரிக்குப் போகும். வட்டி மட்டும் முழு 20,000த்துக்கும். முழுசா இருபதாயிரம் வேணும்னா சுமார் 20,883 டாலர் கடன் வாங்கணும். நம்ம ஊர் தண்டல்காரர் பிடித்துக்கொண்டு கொடுப்பாரே, அதே முறைதான்.

இது வந்த கதை 1981இல் இருக்கிறது. அப்போது மாணவர்களுக்குக் கடன் கொடுத்தவை வங்கிகள். அதற்காக அவற்றுக்கு அரசு மானியம் தந்தது. அந்தச் செலவைக் குறைக்க, ரீகன் காலத்து பட்ஜெட் சட்டம் 5 சதவீதக் கட்டணத்தை மாணவர் தலையில் வைத்தது. 2010 ஜூலையோடு வங்கிகள் வெளியே போய், புதிய கடன்களை அரசே நேரடியாகத் தருகிறது. காரணம் போயிடுச்சு, கட்டணம் போகல.

சட்டத்தில் இப்போது இருப்பது மாணவர் கடனுக்கு 1, ப்ளஸ் கடனுக்கு 4 சதவீதம். பிறகு அந்த .228 எங்கிருந்து வந்தது? இதைத் தேடித்தான் ஒரு சாயங்காலம் போச்சு. 2011இல் அரசுச் செலவுக்குத் தானாகவே வெட்டு விழும்படி ஒரு சட்டம் போட்டார்கள். 2013 மார்ச்சில் அது அமலானது. கல்விக்கடனில் எதை வெட்டுவது? கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள்! இப்போதைய ஏற்றம் 5.7 சதவீதம். 1 என்பது 1.057 ஆச்சு, 4 என்பது 4.228 ஆச்சு. கணக்குப் புத்தகத்தில் இதற்குப் பெயர் செலவுக் குறைப்பு. குறைத்தது யார், கொடுத்தது யார்?

கடன் திரும்பாமல் போகும் ஆபத்துக்காகத்தான் கட்டணம் என்று சொல்லலாம். எனக்கு ஒப்பவில்லை. ப்ளஸ் கடனுக்கு வட்டியே கூடுதல்: பத்தாண்டு அரசுப் பத்திர விகிதத்துக்கு மேல் 4.6 புள்ளி, இளநிலை மாணவருக்கு 2.05தான். ஆபத்துக்கு ஒருமுறை விலை வாங்கியாச்சு. போதாததற்கு, தவணை கட்டாமல் விட்டால் கோர்ட்டுக்குப் போகாமலே சம்பளத்தில் 15 சதவீதம் வரை பிடிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு. திவாலானாலும் இந்தக் கடன் லேசில் விடாது.

அரசுக்கு அந்தப் பணம் வேண்டும் என்றால் வட்டியிலேயே சேர்க்கட்டும். வாங்குகிறவருக்கு ஒரே எண் தெரியும். சீக்கிரம் அடைத்தால் குறைவாகக் கட்டுவார். இப்போதோ, வயிற்றைக் கட்டி இரண்டே வருஷத்தில் கடனை முடிக்கிற பெற்றோருக்கும் அந்த 845 டாலர் போனது போனதுதான்.