கைம்மையும் விடுதலையும்: பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதைகள் இரண்டும் கண்டி விவாகச் சட்டமும்

அமெரிக்க எழுத்தாளரான கேற் ஷொப்பின் 1894ஆம் ஆண்டு ஏப்பிரலில் எழுதி, அவ்வாண்டு திசெம்பரில் 'வோக்' சஞ்சிகையில் வெளியிட்ட சிறுகதை, பின்னர் 'ஒரு மணிநேரத்தின் கதை' எனும் பெயரால் அறியப்படலாயிற்று. ஆங்கிலத்தில் ஏறத்தாழ ஆயிரம் சொற்களுள் அடங்கும் இக்கதை, மணவாழ்க்கையிற் பெண்ணின் சுதந்திரம் பற்றிய விவாதங்களிலே தவறாது எடுத்துக்காட்டப்படுவதாகும். அதற்கு ஈராண்டுகள் முன்னர், 1892இல், அ. மாதவையா 'விவேக சிந்தாமணி'யிற் 'சாவித்திரி சரித்திரம்' என்னும் தொடரை ஆரம்பித்தார். இடையில் நின்றுபோன அத்தொடரே 1903இல் 'முத்துமீனாட்சி' எனும் சிறு நாவலாக நிறைவெய்தியது. ஒன்றையொன்று அறியாத இவ்விரு படைப்புகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது, 'பெண் சுதந்திரம்' என்னும் தொடரை நாம் எத்துணைப் பொதுப்படையாகக் கையாளுகின்றோம் என்பது புலனாகும்.

ஷொப்பினின் கதை எளிமையானது. இதய நோயுள்ள லூயிஸ் மலாட் என்ற பெண்ணுக்கு, அவள் கணவன் புகையிரத விபத்தில் இறந்துவிட்டான் என்ற செய்தி பக்குவமாகத் தெரிவிக்கப்படுகின்றது. அழுது ஓய்ந்தபின் அவள் மாடியறையிற் சென்று தனித்திருக்கிறாள். திறந்த யன்னலூடாக வசந்தகாலம் தெரிகின்றது. தான் இனித் தனக்காகவே வாழலாம் என்ற உணர்வு, அவள் தடுக்க முயன்றும், அவளை ஆட்கொள்கின்றது. மணிநேரம் கழியுமுன் கணவன் உயிரோடு வாயிலில் நிற்கிறான். அவள் இறந்து வீழ்கிறாள். மகிழ்ச்சி மிகுதியால் இறந்தாள் என்று மருத்துவர்கள் முடிவு செய்கின்றனர்.

கணவனைக் கொடியவனாகப் படைக்காமையே இக்கதையின் வலிமை. அவன் அன்புடையவன்; அவளும் சில வேளைகளில் அவனை நேசித்தவள். ஆகவே ஆசிரியர் குற்றஞ்சாட்டுவது ஒரு மனிதனையன்று. ஒருவர் விருப்பத்தை மற்றவர்மீது சுமத்தும் உரிமையை இயல்பானதாக்கிய ஒரு நிறுவனத்தையே. இக்கதையை வெறும் பூர்ஷ்வாத் தனிமனிதவாதம் என ஒதுக்கும் முற்போக்கு விமர்சகர்கள் இதனைக் கவனிக்கத் தவறுகின்றனர். வர்க்க உறவுகள் மாறினால் மணவுறவு தானே சீர்படும் எனக் கருதுவோருக்கு, கொடுமையற்ற மணவாழ்க்கையிலும் அதிகாரம் உண்டு என்பதை இக்கதை உணர்த்துகின்றது.

எனினும் அவ்விமர்சகர்களின் கூற்றில் ஓரளவு உண்மையும் உண்டு. கணவன் இறந்தபின் லூயிஸ் எதைக்கொண்டு வாழ்வாள் என்ற வினா கதையில் எழவேயில்லை. வீடு இருக்கின்றது, தாழிடத்தக்க அறை இருக்கின்றது. ஆசிரியருக்கு அவ்வினா அந்நியமானதன்று. 1882இல் விதவையான ஷொப்பின், லூசியானாவிற் கணவனின் கடையைச் சிலகாலம் தாமே நடத்தியவர். வாழ்க்கையில் அறிந்திருந்த அப்பொருளாதார நெருக்கடியைக் கதையின் எல்லைக்குள் அவர் அனுமதிக்கவில்லை.

மாதவையாவின் படைப்பிலே நிலைமை தலைகீழானது. குழந்தைப் பருவத்தில் மணமுடித்துப் புக்ககத்தில் அல்லலுறும் பிராமணப் பெண்ணொருத்தி தன் கதையைத் தானே கூறுகிறாள். கணவனின் மரணம் அவளுக்கு யன்னலைத் திறக்கவில்லை. இருந்த கதவையும் அடைக்கின்றது. லூயிஸுக்கு மணத்திலிருந்து விடுதலை தருவது கைம்மை. மீனாட்சிக்குக் கைம்மையிலிருந்து விடுதலை தருவது மறுமணம். அம்மறுமணத்தை அனுமதித்த 1856ஆம் ஆண்டுச் சட்டமும், மறுமணம் புரியும் விதவை முதற்கணவனின் சொத்தில் தனக்குள்ள உரிமையை இழப்பாள் என்றே விதித்தது. இரு கதைகளிலும் பெண்ணின் வாழ்வை நிர்ணயிப்பது ஓர் ஆணின் மறைவோ மற்றோர் ஆணின் வருகையோதான். மூன்றாவது வழி இருவருக்கும் புலப்படவில்லை.

அம்மூன்றாவது வழி அக்காலத்தில் எங்குமே இருக்கவில்லையா? இவ்விடத்திற் கண்டிப் பிரதேசத்தின் வரலாறு நோக்கற்பாலது. மணமுறிவு எளிதாயிருந்த கண்டி வழமையை மாற்றி, 1859ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியதோடு பலகணவர் மணத்தையும் பலதார மணத்தையும் தடைசெய்தது. மணமுறிவையும் கடினமாக்கிய அச்சட்டம் மக்கள் வாழ்வோடு பொருந்தவில்லை. எனவே 1870ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் பரஸ்பர சம்மதத்தின் பேரிலான மணமுறிவை ஏற்றுக்கொண்டது. லூயிஸ் மலாட்டின் கதை எழுதப்படுவதற்கு 24 ஆண்டுகள் முன்னரே, கணவன் இறவாமலும் இருவர் இணங்கிப் பிரியும் வழி இம்மலைநாட்டிற் சட்டமாயிருந்தது.

இதனைக் கொண்டு கண்டிப் பெண் முற்றிலும் சுதந்திரம் பெற்றிருந்தாள் எனக் கூறுதல் பொருந்தாது. 'பின்ன' முறையில் மணந்தவள் பிறந்தகத்திலேயே தங்கித் தந்தைவழிச் சொத்தில் உரிமை பேணினாள். 'தீக' முறையிற் புக்ககம் சென்றவளோ பொதுவாக அவ்வுரிமையை இழந்தாள். பிரியும் உரிமை இருவருக்கும் ஏட்டளவில் ஒன்றே. பிரிந்தபின் காலூன்ற நிலமுடையவளுக்கே அது பயன்பட்டது. ஷொப்பின் கேட்காமல் விட்ட வினாவுக்கு இங்குள்ள நிலவுறவுகள் விடையளிக்கின்றன.

அதே மலைகளிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் பறித்த தமிழ்ப் பெண்களுக்குப் பிறந்தக நிலமும் இல்லை. தாழிடத்தக்க தனியறையும் இல்லை. அவர்கள் வாழ்ந்த லயம் தோட்டத்துக்குரியது. கண்டியிற் பிறந்த சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை' ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கமாகப் போற்றப்படுவது. பெண்கல்வியை வலியுறுத்திய அப்பெருமகனின் கதைக்களம் மிஸ்ர் தேசம் வரை விரிந்தது. அண்டையிலிருந்த லயம் அதனுள் இடம்பெறவில்லை. இது தனியொருவரின் குறையன்று. எழுத்தறிவு எவரை எட்டியதோ அவரது துயரமே முதலிற் கதையாகும் என்பதையே இது காட்டுகின்றது.

சட்டத்தின் இப்பிளவு பத்தொன்பதாம் நூற்றாண்டோடு முடிந்துவிடவில்லை. கண்டிச் சிங்களவருக்கான 1952ஆம் ஆண்டின் விவாக, விவாகரத்துச் சட்டம் பரஸ்பர சம்மதத்தை ஏற்றது. தமிழர் மணங்கள் பதிவான 1907ஆம் ஆண்டின் பொது விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டமோ, ஒருவரது குற்றம் நிரூபிக்கப்படவேண்டும் என்ற அடிப்படையில் அமைந்தது. ஒரே நகரில் அயலவராய் வாழ்ந்த இரு பெண்களுக்கு மணத்திலிருந்து வெளியேறும் வழிகள் இருவேறாயின.

ஆகவே, பெண் சுதந்திரம் பற்றிய கதைகளை மதிப்பிடுகையில் 'அவள் விடுதலையை விரும்பினாளா?' என்ற வினாவோடு நின்றுவிடலாகாது. விரும்பியவள் எங்கே போவாள், எதைக்கொண்டு வாழ்வாள், அவள் கதையை எழுதுவோர் யார் என்பனவும் கேட்கப்படல் வேண்டும். முதல் வினாவை மறப்போர் பெண்ணின் அகத்தை மறக்கின்றனர். ஏனையவற்றை மறப்போர் அவள் நிற்கும் நிலத்தை மறக்கின்றனர்.