உருளுகிற டிரம்முக்குள் ஒரு முழு வானம்

நாலுக்கு ஐந்து இன்ச் ஷீட் ஃபிலிமை வீட்டிலேயே கழுவலாம். சமையலறை விளக்கு எரியும்போதே கழுவலாம். கால் லிட்டரைக் கொஞ்சம் தாண்டிய மருந்து போதும். கீறல் விழாது. ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே சீராக வரும். டிரம்மில் கழுவுகிறவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன சங்கதி. தெரியாதவர்கள் இன்னமும் சென்னைப் புழுக்கத்தில், கதவிடுக்கையெல்லாம் துணியால் அடைத்துக்கொண்டு, கும்மிருட்டில் ட்ரேக்கு முன்னால் நிற்கிறார்களே என்று எனக்குத் தாங்கவில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பித்து வானத்தின் மேல். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை மேகமில்லாத காலையில் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தால், படத்தில் மூன்றில் இரண்டு பங்கு வெறும் வானம்தான். ஃபிலிம் கழுவுவதில் அதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. கல்லின் சொரசொரப்பு சின்னச் சின்னக் குறைகளை மறைத்துவிடும். வெற்று வானம் எதையும் மறைக்காது. மருந்து ஓரிடத்தில் கூடுதலாகப் பாய்ந்திருந்தால் அங்கே ஒரு பட்டை தெரியும். அந்த நெகட்டிவிலிருந்து போடுகிற ஒவ்வொரு பிரிண்டிலும் தெரியும்.

ட்ரேயில் கழுவுவது பெரிய கலை, மறுக்கவில்லை. ஆன்செல் ஆடம்ஸ் காலத்துப் பெரியவர்கள் ஷீட்டுகளை அடுக்கி, அடியில் இருப்பதை உருவி மேலே வைத்து, மறுபடி அடியில் இருப்பதை உருவி, அற்புதமாகச் செய்தார்கள். ஆனால் ஈரத்தில் ஊறிய எமல்ஷன் மிகவும் மென்மையானது. ஒரு ஷீட்டின் மூலை இன்னொன்றைத் தொட்டால் போதும், கோடு விழுந்துவிடும். பான்குரோமாடிக் ஃபிலிம் எல்லா நிறத்தையும் பார்க்கும் என்பதால் சிவப்பு விளக்கும் கூடாது. ஹேங்கரில் மாட்டித் தொட்டியில் இறக்குவது இன்னொரு வழி. அதில் ஹேங்கரின் சட்டத்தை ஒட்டி மருந்து வேகமாகச் சுழித்து ஓடும், ஓரங்கள் கூடுதலாகக் கறுக்கும். வானம் அங்கேயே போச்சு.

டிரம்முக்குள் நடப்பதைப் பாருங்கள். முன்பு வீட்டிலேயே கலர் பிரிண்ட் போட்டவர்களுக்காகச் செய்த பிளாஸ்டிக் உருளை இது. எட்டுக்குப் பத்து இன்ச் பேப்பர் போகிற யூனிகலர் டிரம்மில் நாலுக்கு ஐந்து ஷீட் நான்கு அழகாக உட்காரும். ஷீட் ஃபிலிமின் பாலியெஸ்டர் சுமார் 0.18 மில்லிமீட்டர் தடிமன். வளைத்து உள்ளே விட்டால் தன் விறைப்பாலேயே சுவரோடு ஒட்டி நிற்கும், எமல்ஷன் உட்பக்கம் பார்த்தபடி. எது எமல்ஷன் என்று இருட்டில் எப்படித் தெரியும்? ஷீட்டின் ஓரத்தில் வெட்டுத்தடங்கள் இருக்கின்றன. ஷீட்டை நிமிர்த்திப் பிடித்து, தடங்கள் மேலே வலது மூலையில் விரலுக்குத் தட்டுப்பட்டால் எமல்ஷன் நம் முகத்தைப் பார்க்கிறது. மூடியைப் போட்டாயிற்றா? இருட்டு அவ்வளவுதான். விளக்கைப் போடுங்கள், ஃபேனைப் போடுங்கள், காபி குடியுங்கள்.

டிரம்மை நிமிர்த்தி வைத்து மருந்தை ஊற்றினால் அது மூடியில் இருக்கிற கிண்ணத்தில் தங்கிவிடும், ஃபிலிமைத் தொடாது. படுக்கப் போட்ட கணத்தில்தான் நீளம் முழுக்க ஒரே அலையாகப் பரவும். அப்புறம் உருள உருள, ஒவ்வொரு ஷீட்டும் மருந்துக்குள் முங்கி எழுந்தபடியே இருக்கும். இவ்வளவு எளிய ஏற்பாட்டை யோசித்தவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஒன்றே ஒன்று, டிரம் கிடக்கிற இடம் மட்டமாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் ஒரு பக்கத்து ஷீட்டுக்கு மருந்து எட்டாது. கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டத்தை நானும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

நான் கழுவும் முறை இது. எஃப்பி4 பிளஸ் ஃபிலிம், ஐடி-11 மருந்து, ஒன்றுக்கு ஒன்று தண்ணீர், மொத்தம் 300 மில்லி. 20 டிகிரியில் 11 நிமிடம் என்பது இவற்றைத் தயாரிக்கிற இல்ஃபோர்டின் கணக்கு. நம் ஊர்க் குழாயில் 20 டிகிரித் தண்ணீருக்கு எங்கே போவது? ஐஸ் போட்டு 24 டிகிரிக்கு இறக்குவது சுலபம். அங்கே சுமார் ஏழரை நிமிடம். இதற்கும் மேலே சூட்டில் போனால் நேரம் சுருங்கி, ஐந்து நிமிடத்துக்குக் கீழே வந்துவிடும். அவ்வளவு குறுகிய நேரத்தில் சீர் கெடும்.

முதலில் வெறும் தண்ணீரில் ஐந்து நிமிடம் உருட்டுகிறேன். இது தேவையில்லை என்று இல்ஃபோர்டு சொல்லும். ஐந்து நிமிடம் நனையுங்கள் என்று டிரம் செய்கிற ஜோபோ சொல்லும். டிரம்மைப் பொறுத்தவரை நான் ஜோபோ கட்சி. இடைவிடாமல் உருட்டினால் நேரத்தில் 15 சதவீதம் வரை குறைக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. முதலிலேயே நனைத்துவிட்டால் அந்தக் குறைப்பு பெரும்பாலும் தேவைப்படாது. வானமும் இன்னும் வழவழப்பாக வருகிறது. டி-மேக்ஸ் ஃபிலிமாக இருந்தால் அந்த முதல் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் வெளியே வரும். ஒளிச்சிதறலைத் தடுக்கப் பூசிய சாயம் அது. கொட்டும்போதெல்லாம் ஆசையாகப் பார்ப்பேன். சுவரோடு ஒட்டியிருந்த பின்பக்கத்தில் கொஞ்சம் சாயம் மிஞ்சும். ஃபிக்ஸர் முடிந்ததும் ஷீட்டுகளை வெளியே எடுத்து, ட்ரேயில் ஹைப்போ கிளியரில் ஊறப்போட்டால் அதுவும் போய்விடும்.

மோட்டாரா, கையா? அமெரிக்காவிலிருந்து பழைய யூனிரோலர் ஒன்றைத் தருவித்தேன். அது 110 வோல்ட் இயந்திரம். இங்கே ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். தானாகவே திசை மாற்றி மாற்றிச் சுற்றும். அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டே அடுத்த மருந்தை அளந்து வைக்கலாம். ஆனால் மோட்டார் இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். மேஜைமேல் சப்பாத்திக் கட்டையைப் போல முன்னும் பின்னும் கையால் உருட்டினால் போதும், வானம் அதே சீரோடு வரும். நடுவில் டிரம்மைத் தூக்கி முன்பின் திருப்பி வைப்பது கூடுதல் நல்லது. கை உருட்டலின் இயல்பான ஒழுங்கின்மைகூட நன்மைதான், மருந்து ஒரே தடத்தில் ஓடாது.

ஒவ்வொரு ஷீட்டுக்கும் தனி நேரம் வேண்டுமா? அதற்கு ஃபில் டேவிஸ் வழி இருக்கிறது. ‘பியாண்ட் தி ஸோன் சிஸ்டம்’ எழுதியவர். அவர் பெயரோடு சேர்ந்த குழாய்களில் குழாய்க்கு ஒரு ஷீட். தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுக் கையால் சுழற்றுவது. காண்ட்ராஸ்ட் அதிகமான காட்சிக்குக் குறைந்த நேரம், மந்தமான காட்சிக்குக் கூடுதல் நேரம், எல்லாம் ஒரே வேளையில் முடியும். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற இரண்டு இன்ச் பி.வி.சி. பைப்பையும் மூடியையும் வாங்கி, வெளியே கறுப்புப் பெயின்ட் அடித்து நானே செய்துகொண்டேன். என் வீட்டில் அதற்கு ராஜமரியாதை.

உச்சி என்றால் ஜோபோதான். 1923-இல் ஜெர்மனியின் கும்மர்ஸ்பாக்கில் யோஹான்னஸ் பொக்கமூல் தொடங்கிய நிறுவனம். அவர்களுடைய எக்ஸ்பர்ட் 3010 டிரம்மில் ஒரே தடவையில் பத்து நாலுக்கு ஐந்து ஷீட் கழுவலாம். மூடி அவ்வளவு இறுக்கம். காற்றடிக்கிற கால் பம்ப்பை வைத்துத்தான் கிளப்புவார்கள். விலை கையைக் கடிக்கும். நண்பர் ஒருவரின் டிரம்மில் கழுவிப் பார்த்தேன். வந்த நெகட்டிவ்களை லைட் டேபிளில் வைத்துவிட்டு எழுந்திருக்கவே மனமில்லை.

டிரம் எல்லாவற்றுக்கும் ஏற்றதல்ல. மருந்தை அசைக்காமல் வைத்து விளிம்புகளைக் கூர்மையாக்கும் வித்தை இதில் நடக்காது. பிஎம்கே பைரோ என்கிற மருந்து இடைவிடாத காற்றில் சீக்கிரம் சோர்ந்துவிடும். இரண்டு பக்கமும் எமல்ஷன் பூசிய எக்ஸ்ரே ஃபிலிமுக்கு ட்ரேதான் சரி. அதற்குச் சிவப்பு விளக்கும் போடலாம். கடைசி அலசலுக்கு, உப்புத் தண்ணீர் வருகிற வீடுகளில், ஆர்.ஓ. தண்ணீரையே வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி படியும்.

டிரம்மைப் பற்றி எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று. நாலுக்கு ஐந்து ஷீட் நான்கு சேர்ந்தால் 80 சதுர இன்ச். எட்டுக்குப் பத்து ஷீட் ஒன்றும் அதே 80 சதுர இன்ச். ஆக, இன்றைக்கு என்னிடம் இருக்கிற டிரம், அதே 300 மில்லி மருந்து, அதே ஏழரை நிமிடம், எட்டுக்குப் பத்து நெகட்டிவுக்கும் அப்படியே போதும். கேமராதான் பாக்கி. தேட ஆரம்பித்துவிட்டேன்.