வெள்ளை விண்டோவும் சொல்லாமல் விட்ட வாக்கியமும்

போன ஞாயிற்றுக்கிழமை, திருமுல்லைவாயலில் இருக்கும் ஒரு நண்பரின் மகன் லேப்டாப்போடு அம்பத்தூருக்கு வந்தான். இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. "அங்கிள், அப்டேட்டர் தொறந்தா வெறும் வெள்ளையா நிக்குது. பேசாம விண்டோஸ் போட்டுடவா?" என்றான்.

புத்தகத்துக்கும் சினிமாவுக்கும் விமர்சனம் எழுதுகிறோம். தினமும் பார்க்கிற மென்பொருளுக்கும் எழுதலாம் என்பது என் கட்சி. அந்த வெள்ளை விண்டோவைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். டெபியன், உபுண்டு வகை லினக்ஸ்களில் உண்மையான அப்டேட் வேலையைச் செய்வது ஆப்ட். அது சி பிளஸ் பிளஸில் எழுதியது. உபுண்டுவில் நாம் ஐகானைத் தட்டித் திறக்கும் அப்டேட்-மேனேஜர் அதன் மேல் போட்ட பைத்தான் சட்டை. விண்டோவை வரைவது ஜிடிகே. சட்டம் முதலில் வரும், உள்ளே இருப்பது பிறகு வரும். இடையில் பைத்தான் கோடு ஒரு பிழையில் விழுந்தாலும் ஜிடிகே சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் விண்டோ மூடாது, நிரம்பவும் செய்யாது.

டெர்மினலைத் திறந்து அப்டேட்-மேனேஜர் என்று அடித்தேன். பத்து வரி டிரேஸ்பேக் கொட்டியது. பையன் ஏதோ பிராஜெக்டுக்காக சுடோ போட்டு பிப் ஓட்டியிருக்கிறான். அது யூஸர்-லோக்கல் ஃபோல்டரில் ஒரு மாட்யூலின் வேறு பதிப்பை வைத்துவிட்டது. பைத்தான் அங்கேதான் முதலில் தேடும். அப்டேட்டருக்கு வேண்டிய பதிப்பு அதன் பின்னால் மறைந்துவிட்டது. பிப் போட்டதை எடுத்தேன், பட்டியல் வந்தது. அரை மணி நேர வேலை.

தப்பு பையனுடையதுதான். ஆனால் என் விமர்சனம் வேறு. காரணம் அந்த மெஷினுக்குத் தெரிந்திருந்தது, எழுதியும் வைத்திருந்தது. எழுதிய இடம் ஸ்டாண்டர்ட் எரர். ஐகானைத் தட்டித் திறப்பவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். பார்க்கத் தெரிந்தவருக்கோ இந்த விண்டோவே தேவையில்லை.

இது நம்மூருக்கு இன்னும் பொருந்தும். 2011-ல் தமிழக அரசு ஆரம்பித்த இலவச லேப்டாப் திட்டத்தின் தொடக்க கால மெஷின்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், சி-டாக் சென்னையில் உருவான டெபியன் வழி லினக்ஸ். பல பிள்ளைகள் லினக்ஸை முதலில் பார்த்தது அதில்தான். மெனுக்களைத் தமிழில் கொண்டுவர எத்தனையோ பேர் உழைத்திருக்கிறார்கள். ஆனால் மொழிபெயர்ப்பு என்பது திரையில் காட்ட நினைத்த வாக்கியங்களுக்கு மட்டும்தான். டிரேஸ்பேக் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. வெள்ளைத் திரையை எந்த மொழியில் பெயர்ப்பது?

நல்ல உதாரணமும் இதே வீட்டில் இருக்கிறது. 2023-ல் வந்த டெபியன் 12-ல் பையன் செய்ததைச் செய்து பாருங்கள். பிப் மறுத்துவிடும். சும்மா மறுக்காது: இந்தப் பைத்தான் சிஸ்டத்தின் பொறுப்பு, ஆப்ட் வழியாகப் போடு, இல்லையென்றால் தனியாக ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் வை என்று வழியும் சொல்லும். அந்த நாலு வரி எழுத யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

உங்களுக்கும் வெள்ளை விண்டோ வந்தால் உடனே ஓஎஸ்ஸை மாற்ற வேண்டாம். டெர்மினலில் சுடோ ஆப்ட் அப்டேட், பிறகு சுடோ ஆப்ட் அப்கிரேட் அடித்துப் பாருங்கள். சட்டை கிழிந்திருந்தாலும் உள்ளே ஆப்ட் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். செக்யூரிட்டி அப்டேட் வந்து சேரும். அதன் பிறகு டிரேஸ்பேக்கின் கடைசி வரியை நிதானமாகப் படிக்கலாம்.

பையனின் மெஷினில் ஆறு வாரமாக ஒரு அப்டேட்டும் ஏறவில்லை. அதே லேப்டாப்பில்தான் அவன் அம்மாவின் பேங்க் வேலையும் நடக்கிறது. அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு வாக்கியம்: "பட்டியலை எடுக்க முடியவில்லை, காரணம் இது."