மண்டுதலும் தலைவிரித்தாடலும்

அடக்குவாரின்றிப் பரவும் தன்மையைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘ராம்பண்ட்’ என்றொரு பெயரடை உண்டு. அதனைத் தமிழில் பெயர்ப்போர் ‘மலிந்த’ என்றும், ‘கட்டுக்கடங்காத’ என்றும், ‘தலைவிரித்தாடும்’ என்றும் எழுதுவர். இவை ஒருபொருளன என்று கொள்ளுதல் பொருந்துமா என்பது ஈண்டு ஆய்தற்குரியது.

அவ்வாங்கிலச் சொல், ஏறுதல், ஊர்தல் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சு வினையினின்று பிறந்தது. பின்காலில் நின்று முன்கால் தூக்கிப் பாயும் அரிமாவின் கோலத்தைக் கொடியெழுதுவோர் இச்சொல்லாற் குறித்தனர். ஸ்காட்லாந்து அரசர் கொடியின் சிங்கம் இத்தகையது. பாய்ச்சலுக்குரிய சொல் பின்னர்க் களையின் வளர்ச்சிக்கும் தீமையின் பெருக்கத்திற்கும் ஆயிற்று.

தமிழில் ‘மலிதல்’ பண்டு நிறைவையும் உவகையையும் உணர்த்திய நற்சொல். அதில் மிகுதி உண்டு, அடங்காமை இல்லை. அடங்காமையை நோக்கின் ‘மண்டுதல்’ என்பதே நெருங்கி வருகின்றது. உத்திரமேரூர்ப் பக்கத்து உழவர் சீமைக்கருவேல் ‘மண்டிப்போச்சு’ என்பரே யன்றி ‘மலிந்துபோச்சு’ என்னார். சங்கச் செய்யுளிலோ மண்டுதல் போர்க்களத்துச் சொல். நெருங்கிப் பாய்தலைக் காட்டுவது. அரிமாவினின்று களைக்குச் சென்ற ஆங்கிலச் சொல்லும், அமரினின்று புதருக்கு வந்த தமிழ்ச்சொல்லும் ஒருவழிப்பட்டன. இருந்தும் மொழிபெயர்ப்போர் இதனைப் பெரிதும் கைக்கொள்ளாமைக்கு, வயற்காட்டுச் சொல் என்னும் கூச்சமே காரணம் போலும்.

‘தலைவிரித்தாடும்’ என்பது வேறு. அது வெறிகொண்டு ஆடும் ஓர் உருவத்தைக் கண்முன் நிறுத்துகின்றது. ‘ஊழல் தலைவிரித்தாடுகிறது’ என்னுந் தொடரில் எழுவாய் ஊழலே. கைநீட்டி வாங்கியவன் அத்தொடரில் இல்லை. கண்டும் வாளாவிருந்தவனும் இல்லை. ஆங்கிலப் பெயரடைக்கும் இக்குறை உண்டு. தமிழ் உருவகம் அதனை மிகுவிக்கின்றது.

முதற் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளின் நடையை இதனோடு ஒப்பிடல் வேண்டும். குடவோலைமுறையைப் பேசும் அவை, முறைகேடு மிகுந்தது என்று உருவகம் செய்து அமையவில்லை. வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதிருந்தாரையும், அவர்தம் உறவினரையும், பிறர்பொருள் கவர்ந்தாரையும் நிரலே சுட்டி, இவர் பெயர் குடத்தில் இடலாகாது என்கின்றன. ஏரிவாரியம், தோட்டவாரியம், சம்வத்சரவாரியம் என அவரவர் பொறுப்பும் பெயர்பெற்று நிற்கின்றது. ஊரின் நோக்கத்தைக் கூறுமிடத்தும், கெடவேண்டுவதாகச் சொல்லப்படுவோர் தீயோரே. தீமை என்னும் பண்பன்று.

கல்வெட்டு சட்டமொழி, நாளிதழ் செய்திமொழி. இரண்டையும் ஒருங்கு நிறுத்தல் தகுமோ எனின், வேற்றுமை உண்மையே. ஆயினும் வினைமுதலை மறைக்க வேண்டிய கட்டாயம் செய்திமொழிக்கும் இல்லை.

ஆதலின் பெயர்ப்போர் பரவுவது யாதென முதற்கண் நோக்குதல் வேண்டும். களையாயின் ‘மண்டிய’ என்க. ஊழலாயின், மூலத்தில் செய்தவர் குறிக்கப்பட்டிருப்பின் அவரை எழுவாயாக்கித் தொடரை மாற்றுதலே நேரிது. அடையொன்றைத் தேடி உழலுதல் வேண்டா. நோய்க்கு இவ்விடர் பெரும்பாலும் இல்லை. ‘கட்டின்றிப் பரவும்’ என்பது அங்கே அமையும்.